சோம்பேறி பிலிம்

குளிர்பெட்டியிலிருந்து மூன்று பிலிம் பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள் தங்கை. அண்ணனைக் கவிழ்க்க எது தோது என்று நிதானமாக யோசித்தாள்.

அண்ணன் பெரிய போட்டோகிராபர் என்று உலகம் நம்பியது. அவனுடைய புத்தகம் வரப்போகிறது. காலிப் படிக்கட்டுகள், மூடிய ஆலைகள், ஆளே இல்லாத ரயில் நிலையங்கள். அத்தனையும் இவள் பெரிய கேமராவைத் தோளில் சுமந்து போய், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுத்தவை. அவன் செய்தது கண்காட்சி வைத்ததும் மேடையில் பேசியதும்தான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அந்த நிலையங்களைப் பற்றிக் கேட்டால், "ஆள் நடமாட்டம் இல்லாத நேரமா பாத்துப் போவேன்" என்பான். அப்படித்தான் அவனும் நிஜமாகவே நினைத்திருந்தான்.

இதையெல்லாம் அவள் பொறுத்திருப்பாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. 'இருட்டறையில் உதவிய தங்கைக்கு நன்றி.' உதவிய! அந்த ஒரு சொல் நெஞ்சில் முள்ளாக நின்றது.

"படம் எடுத்தது நான். என் பேரைப் போடுண்ணா" என்று நேராகவே கேட்டுப் பார்த்தாள்.

"இப்பப் போய் மாத்தினா நாலு பேர் என்ன நினைப்பாங்க, பூனை?" என்றான். இருட்டறையே கதியென்று கிடப்பதால் அவனுக்கு அவள் பூனை. "அதை விடு. அட்டைக்கு ஒரு படம் வேணும். என்னை நானே எடுத்துக்கிட்ட மாதிரி. நான் உக்காந்துக்கறேன், நீ கேமரா கேபிள் பொத்தானை மட்டும் அழுத்து. மாடிக் கூடத்துல வச்சுக்கலாம்."

மாடிக் கூடத்தில் ஒரே ஜன்னல். அந்த வெளிச்சத்திலும் பாதியை எதிர்க் கட்டடம் தின்றுவிடும். அதனால்தான் இந்த மூன்று பெட்டிகளும்.

முதலாவது வேகமான பிலிம். அண்ணன் மூச்சுப் பிடித்து முடிப்பதற்குள் படம் விழுந்துவிடும். தொலையட்டும் என்று மன்னிக்கிறவர்களுக்கு அது சரி. இரண்டாவது நிதானமானது. மங்கலில் எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் களைக்காது, அவளுடைய செல்லம். மூன்றாவது பழைய ரகம், சரியான சோம்பேறி. வெளிச்சம் குறையக் குறைய அதன் சோம்பல் ஏறும். வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஒரு நிமிடம் என்றால் இது ஐந்து கேட்கும். அத்தனை நேரத்தில் நிற்பது நிற்கும். நடமாடுவதெல்லாம் கரைந்து காணாமல் போகும்.

மூன்றாவதை எடுத்தாள். விளக்கணைத்து, பிலிம் தாளின் ஓரத்து வெட்டுகளை விரல் நுனியால் தடவி அதே ரகம்தான் என்று உறுதி செய்துகொண்டு, கேமராவில் மாட்டும் ஹோல்டரில் செருகினாள்.

கூடத்தில் பிரம்பு நாற்காலிக்குப் பின்னால் நிலைக்கண்ணாடியைச் சற்றுத் திருப்பி வைத்தாள்.

"கண்ணாடி எதுக்கு?"

"கூடம் பெருசாத் தெரியும்."

"நல்லாத்தான் இருக்கு." அவன் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்தான்.

"நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாதுண்ணா."

"எனக்கே பாடமா?"

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனி அவன் பாடு. கேபிளை அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் அடங்கி இருந்தான். போன் அடித்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய்ச் சிரித்துச் சிரித்துப் பேசினான். திரும்பி வந்து கால் மேல் கால் போட்டான், மாற்றிப் போட்டான். "இன்னும் முடியலையா?" என்று கழுத்தைத் திருப்பினான். போட்டோகிராபனாக இருந்தால் ஹோல்டரில் என்ன பிலிம் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். அவள் மட்டும் கேமராவின் அருகே, கேபிளில் கட்டை விரலை வைத்தபடி, கண்ணாடியையே பார்த்து நின்றாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமி வேண்டாம், ஒரு பக்கத்தில் பெயர் போதும்.

பதிப்பாளரம்மா வந்த அன்றுதான் பிரிண்ட் காய்ந்தது. அண்ணன் அதுவரை பார்க்கவில்லை. "கூடத்துல தனியா உக்காந்து நானே எடுத்தது" என்று ஆரம்பித்திருந்தான். நுணலும் தன் வாயால் கெடும். தங்கை படத்தை நேராக அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள்.

நாற்காலியின் பிரம்பு ஒவ்வொன்றும் எண்ணலாம் போல் விழுந்திருந்தது. அதன் மேல் கொஞ்சம் புகை. புகைக்குப் பின்னால் கண்ணாடி, அதில் கேமரா, பக்கத்தில் ஒரு பெண். அவள் கட்டை விரலின் நகம்கூடத் தெளிவு.

"பிலிம் கெட்டுப்போச்சு" என்றான் அண்ணன், எட்டிப் பார்த்துவிட்டு.

"கெட்ட பிலிம்ல நாற்காலி இவ்வளவு சுத்தமா வருமா?" அந்த அம்மா புத்தகத் தாள்களைப் புரட்டி ரயில் நிலையப் படத்தில் நிறுத்தினார். "ஆள் இல்லாத நேரம்னு சொன்னீங்க. இந்தக் கடிகாரத்துல ஆபீஸ் நேரமா இருக்கே. கூட்டம் எங்க போச்சு?"

அண்ணன் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"நடந்துக்கிட்டே இருந்தாங்க. அதனால பிலிம்ல தங்கல" என்றாள் தங்கை. "அண்ணனும் அப்படித்தான்."

பதிப்பாளரம்மா மறுபடி கண்ணாடியைப் பார்த்தார், பிறகு அவளை. "நீங்க யாரும்மா?"

அவளுக்கு மனசு குளிர்ந்தது. அதை மறைக்க அவள் முயலவே இல்லை.

"உதவிய தங்கை."

அண்ணன் அப்போதுதான் முதல் தடவையாக அசையாமல் உட்கார்ந்திருந்தான்.