பெரிய சாலையில் நாடின்

எங்கள் பக்கத்தில் சவ ஊர்வலம் எதிரே வந்தால் போகிற வண்டியெல்லாம் ஓரங்கட்டி நின்றுவிடும். செத்தது யார் என்று கேட்கிற வழக்கமில்லை. கிழக்கு டெக்சஸில் வேறு எந்த விஷயத்திலும் எங்களுக்கு இவ்வளவு ஒற்றுமை கிடையாது.

ராய்ஸ் டிட்வெல் மாட்டிக்கொண்டது இந்த மரியாதையால்தான்.

மர அறுவை மில்லில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஒரு வீட்டையே நசுக்கக்கூடிய கட்டைகளைத் தூக்கிக்கொண்டு நாளெல்லாம் ஓட்டலாம், சட்டம் ஒன்றும் சொல்லாது. சொந்த பிக்கப் வண்டியை மட்டும் தொடக்கூடாது. ஒரு குளிர்காலத்தில் கியர்பாக்ஸ் போன செலவில் இன்சூரன்ஸ் விட்டுப்போயிற்று. அந்த நேரம் பார்த்து, பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. கோர்ட்டில் அபராதத்தைக் கட்டிவிட்டு, சனியன் தொலைந்தது என்று வீட்டுக்கு வந்தார். பிறகுதான் மாநில அரசு தன் பங்கைக் கேட்டது. அபராதத்துக்கு மேல், வருடா வருடம் ஒரு கூடுதல் கட்டணம். கட்ட முடியவில்லை, லைசென்ஸ் போயிற்று. லைசென்ஸ் இல்லாமல் வேலைக்கு ஓட்டிப்போனதற்கு இன்னொரு கட்டணம். கட்டணம் கட்டச் சம்பாதிக்க வேண்டும், சம்பாதிக்க ஓட்ட வேண்டும், ஓட்டினால் கட்டணம். நாய் தன் வாலைத் துரத்தினாலாவது பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும்.

அதன்பிறகு மனைவி நாடின்தான் அவருக்கு டிரைவர். அவளுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்ததும் அதுவும் நின்றது. டைலர் நகரத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு அவளால் எப்படி ஓட்ட முடியும்? ராய்ஸ் ஓட்டினார், பைன் காட்டுக்குள் போகும் பண்ணைப் பாதையில். அங்கே போலீஸ் வராது. மாடு தாண்டாமலிருக்கத் தரையில் இரும்புக் குழாய் பதித்திருப்பார்கள். அதன்மேல் ஏறும்போதெல்லாம் வண்டி குலுங்கும், நாடின் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

“ஒரே ஒரு நாள் என்னைப் பெரிய ரோட்டுல கூட்டிட்டுப் போயேன், கிழவா,” என்பாள். “ஆஸ்பத்திரிக்குப் போறேனா, சாராயம் கடத்துறேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு.”

லைசென்ஸ் வரட்டும், ராணி மாதிரி கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கட்டணத்தை ஒழிக்க வேண்டுமென்று தலைநகர் ஆஸ்டினிலும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் சட்டசபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடும். கூடும்போதெல்லாம் மசோதா பிறக்கும், கலையும்போது செத்துப்போகும். அதற்கு யாரும் ஓரங்கட்டி நிற்பதில்லை.

மழையில் பண்ணைப் பாதையின் பாலம் முங்கிய அன்று வேறு வழியில்லாமல் பெரிய சாலையில் ஏறினார். எதிரே ஊர்வலம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளேயே இருக்கும்படி நாடின் கெஞ்சினாள். அதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது, கை கதவைத் திறந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு மழையில் நின்றார். ஊர்வலத்தின் வால்பக்கம் காவலுக்கு வந்த போலீஸ்காரன் கிளீட் மேப்ரி அவரை நன்றாகவே பார்த்தான். அவனுக்கும் வேறு வழி இருக்கவில்லை. பிக்கப்பை இழுத்துக்கொண்டு போனார்கள். அன்று நாடினுக்கு மருந்து ஏறவில்லை.

பிறகு அவளுடைய தங்கை வில்மா கூட்டிப்போனாள். வில்மாவால் முடியாத நாளில் நாடின் போகவில்லை. பிக்கப்பை மீட்ட பிறகும் அவரைச் சாவியைத் தொட விடவில்லை. நீ ஜெயிலுக்குப் போனால் எனக்குக் கஞ்சி காய்ச்சுவது யார் என்றாள். அதனால்தான் நோய் முற்றியது என்று டாக்டர் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த வருடம் மசோதா பிழைத்துக்கொண்டது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து கட்டணம் ரத்து, லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். ராய்ஸ் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னபோது நாடின் கண்ணைத் திறக்காமலே, “பெரிய ரோடு. பேச்சு மாறக்கூடாது,” என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் போய்விட்டாள். அரசாங்கத்துக்காகக் காத்திருப்பது அவளுக்கு என்றைக்குமே பிடிக்காது.

அடக்கத்தன்று தன் காரில் ஏறிக்கொள்ளும்படி வில்மா எவ்வளவோ சொல்லிப்பார்த்தாள். ராய்ஸ் பிக்கப்பைக் கழுவித் துடைத்து, சர்ச் வாசலில் சவ வண்டிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். ஊர்வலத்துக்கு முன்னே போக வேண்டிய கிளீட் அதைப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றான்.

“இன்னும் செப்டம்பர் பொறக்கல, மிஸ்டர் ராய்ஸ்.”

“தெரியும். நான்தான் கூட்டிட்டுப் போறேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்.”

கிளீட் சவ வண்டியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

“ஹெட்லைட்டப் போட்டுக்குங்க. விலகாம பின்னாடியே வாங்க.”

பெரிய சாலை அன்று வழுவழுவென்றிருந்தது, ஒரு குலுக்கல் இல்லை. எதிரே வந்த கட்டை லாரி நின்றது. கோழி ஏற்றிய லாரி நின்றது. ஒரு பழைய பச்சைக் கார் மட்டும் நிற்காமல் போயிற்று. ஓட்டிய பெண் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லறையில் மண் போட்டு முடித்ததும், அந்தப் பச்சைக் கார்க்காரியையெல்லாம் பெத்தாங்களா, பொறுக்கினாங்களா என்று வில்மா பொரிந்து தள்ளினாள். நம்பரைக் குறித்துவைத்திருப்பதாகக் கிளீட் சமாதானம் சொன்னான்.

“விட்டுடு, கிளீட்,” என்றார் ராய்ஸ்.

“உங்க சம்சாரத்துக்கு மரியாதை குடுக்கலையே.”

“அந்தப் பொண்ணுக்குப் பக்கத்து சீட்ட நீ பாத்தியா?”

“இல்ல.”

“நான் பாத்தேன். ஜன்னல் கண்ணாடியில ஒரு தல சாஞ்சிருந்தது.”

கிளீட் சட்டைப்பையிலிருந்து நம்பர் எழுதிய தாளை எடுத்துக் கசக்கினான்.

வீட்டுக்குத் திரும்பும்போது முன்னால் போலீஸ் வண்டி இல்லை. ஆகஸ்டும் முடிந்திருக்கவில்லை. ராய்ஸ் பண்ணைப் பாதையில் திரும்பினார். இரும்புக் குழாய் பதித்த இடம் வந்ததும் வேகத்தை நன்றாகக் குறைத்து, ஒவ்வொரு சக்கரமாக, மெதுவாக இறக்கினார். பக்கத்தில் யாரும் இல்லை.