காலணாவில் பதிந்த விரல்

மணலூர்பேட்டையில் ராயப்பனைத் தெரிந்தவர்களைக் கேட்டால், கரும்பு, முட்டிவலி, ஆற்று மணல் இந்த மூன்றையும் தவிர அந்த மனிதர் வேறெதையும் பேசிக் கேட்டதில்லை என்பார்கள். அப்படிப்பட்டவர் நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் பூசையைக்கூட விட்டுவிட்டு, ரிஷிவந்தியம் வழியாகக் கள்ளக்குறிச்சி போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். பழைய காசுகளை வைக்க ஒரு ஆல்பம் வாங்க வேண்டும்.

காசுகள் அவருடையவை அல்ல. மகள் லிடியா சேர்த்தவை. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் அவள் நர்ஸாக இருந்தாள். புண்ணுக்குக் கட்டுப் போட்டால் மலைக்காரர்கள் சாமை அரிசி கொடுப்பார்கள். அதை வாங்க மாட்டாள். பெட்டியின் அடியில் செல்லாத காசு கிடந்தால் கொடுங்கள் என்பாள். இப்படியே அறுபது எழுபது சேர்ந்துவிட்டது. போன ஜூன் மாதம் மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தது. ஒன்பது பேர் இருந்த வண்டியில் அவள் ஒருத்திதான் போனாள். இருபத்தாறு வயது. அதை ராயப்பன் இன்னும் மன்னிக்கவில்லை. யாரை என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அந்தக் காசுகளில் ஒரு காலணா இருந்தது. 1936ஆம் வருடத்துக் காசு, ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா. ரங்கம்மாள் என்கிற மலைக்காரப் பெண் பஞ்சில் சுற்றி மூங்கில் குழாயில் போட்டு வைத்திருந்ததால் துளி கறுக்காமல் புதுச் செம்பாக இருந்தது. ஏப்ரல் மாதம் லீவில் வந்த லிடியா அதை ராஜாவின் முகத்தில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து, “எப்பிடி செவந்துகினு இருக்குது பாருப்பா” என்று காட்டினாள். அவர் கரும்புக்கு மோட்டார் போடப் போகிற அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலை வெயிலில் அதை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார். ராஜாவின் கன்னத்தில் கட்டைவிரல் ரேகை பழுப்பாக, வரி வரியாக எழுந்திருந்தது. வியர்வை பட்ட இடம் மட்டும் செம்பில் அரித்திருக்கிறது. யாருடையதாகவும் இருக்கலாமே என்று சந்தேகப்படவும் வழியில்லை. ரேகையின் நடுவில் குறுக்கே ஒரு கோடு ஓடியது. லிடியாவுக்கு ஏழு வயதில் கரும்பு சீவிக் கொடுக்கும்போது அவர் கையிலிருந்த கத்தி வழுக்கி, அவள் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. அந்தத் தழும்பு அது. மண்ணுக்குள் போய்விட்ட மகளின் விரல் வீட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து தினமும் அந்தக் காசைப் பார்த்தார்.

மனைவி உபகாரமேரியிடம் சொல்லவில்லை. அழுது அழுது ஓய்ந்து, இப்போதுதான் அவளுக்குச் சோறு இறங்குகிறது, மறுபடியும் கிளறுவானேன் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். உண்மைக் காரணம் அவ்வளவு நல்லதில்லை. பெண்ணைக் குளிப்பாட்டிக் கடைசிப் புடவை உடுத்திவிட்டது மேரி. லிடியாவின் துணிமணி, செல்போன், தலையில் வைத்த கிளிப்பு வரைக்கும் மேரியின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. இது ஒன்றாவது தனக்கென்று இருக்கட்டும் என்று அவர் நினைத்தார். துக்கத்திலும் பங்கு பிரிக்கிற புத்தி மனுஷனுக்கு வந்துவிடுகிறது.

போன வாரம்தான் பிரச்சினை தெரிந்தது. லிடியா காசுகளைப் போட்டு வைத்திருந்தது பூப்போட்ட அட்டைக்குள் மெத்து மெத்தென்று பிளாஸ்டிக் பை தைத்த ஆல்பம். காலணாவுக்குப் பக்கத்துப் பையில் இருந்த செம்புக் காசு பச்சையாகப் பிசுபிசுத்துப் போய், பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காலணாவின் விளிம்பிலும் ஒரு பச்சைப் புள்ளி. இன்று காலை கிளம்பும் முன் எல்லாக் காசுகளையும் வெளியே எடுத்து ஒரு எவர்சில்வர் தட்டில் பரப்பி, மேலே செய்தித்தாள் போட்டு மூடினார். “புது ஆல்பம் வாங்கியாந்து இதையெல்லாம் அதுல வைக்கணும்” என்று மட்டும் மேரியிடம் சொன்னார். பழைய ஆல்பத்தின் ஒரு தாளைக் கிழித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை மாடியில் தமிழரசன் என்பவர் ஸ்டாம்பும் நாணயமும் விற்கிறார். அவர் அந்தத் தாளை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார்.

“மோந்து பாருங்க ஐயா. புது மழைக்கோட்டு வாசனை வருதுங்களா?”

“வருது.”

“வாசனை வந்தா வாங்காதீங்க. இந்த மெத்து பிளாஸ்டிக்குதான் செம்பைத் தின்னுது. நம்ம ஊரு வெயிலுக்கு இன்னும் ஜாஸ்தி.”

பிறகு ஒவ்வொன்றாக ஆல்பங்களை எடுத்துப் போட்டார். ராயப்பன் கருவாடு வாங்குகிறவர் போல ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தார். ஒன்றில் வாசனை இல்லை, ஆனால் பை மெல்லிசு, காசின் கனத்துக்குக் கிழிந்துவிடும். இன்னொன்று தோல் அட்டை, ஆளை மயக்குகிற மினுக்கு, உள்ளே அதே மழைக்கோட்டு. கடைசியில் தமிழரசன் விறைப்பான, கண்ணாடி போன்ற தாள்கள் உள்ள ஒன்றைக் காட்டினார். தாளைத் திருப்பினால் சடசடத்தது. வாசனை இல்லை. காசை முதலில் சன்னல் வைத்த சின்ன அட்டைச் சட்டத்தில் வைத்து, பிறகு பைக்குள் செருக வேண்டும். பிளாஸ்டிக் காசின் முகத்தில் உரசாது.

“இதுல வச்சா ரேகைக்கு ஒண்ணும் ஆவாதே?” என்று கேட்டார் ராயப்பன்.

“எந்த ரேகைங்க?”

“காசுல கட்டைவெரல் ரேகை ஒண்ணு இருக்குது.”

தமிழரசன் உதட்டைப் பிதுக்கினார். “அப்போ காசு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் ஐயா. வாங்குறவன் கம்மியாத்தான் கேப்பான்.”

“விக்கலைங்க. அந்த ரேகைதான் எனக்கு வேணும். எத்தினி நாளைக்கு இருக்கும்?”

தமிழரசன் ஆல்பத்தை மூடி அவர் பக்கம் நகர்த்தினார். யார், என்ன என்று கேட்கவில்லை. “செம்புல அரிச்சு எறங்கியிருக்கும் ஐயா. சும்மா வச்சிருந்தா தானா போவாது. தேய்க்காம, கழுவாம வச்சிக்கினீங்கன்னா நமக்கப்புறமும் இருக்கும்.”

நமக்கப்புறமும். ராயப்பன் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு படி இறங்கினார். கூடவே ஒரு சின்ன பூதக்கண்ணாடியும் வாங்கியிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் ஆல்பத்தை வைத்துக்கொண்டு யோசித்தபோது, இரண்டு மாதத்துக்கு மேலாகத் தான் செய்துகொண்டிருந்தது பச்சைத் திருட்டு என்று அவருக்கு உறைத்தது. பெற்றவளுக்குக் காட்டாமல் ஒளித்துப் பார்த்திருக்கிறார். நாளைக்குக் கல்லறைத் திருநாள். பெண் போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள். இன்றைக்கே மேரியை உட்கார வைத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து, இந்தா உன் பெண்ணின் விரல் என்று காட்டிவிட வேண்டும். அழுதால் அழட்டும், சேர்ந்து அழலாம் என்று நினைத்தார். அப்படி முடிவெடுத்ததில் அவருக்கு மனசு லேசானது.

ரிஷிவந்தியம் தாண்டும்போது போன் அடித்தது. மேரிதான்.

“எங்க வந்துக்கினு இருக்கீங்க?”

“அரை மணி நேரத்துல வந்துடுவேன். உனுக்கு ஒண்ணு காட்டணும் மேரி.”

“நானும் உங்களுக்கு ஒண்ணு காட்டணும். வாங்க, சொல்றேன்.” அவள் குரலில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. என்னவென்று கேட்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

வீட்டு வாசலில் புளி வாசனை அடித்தது. கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் மேரி வீட்டிலுள்ள பித்தளை, செம்பு எல்லாவற்றையும் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்ப்பாள். அவள் அம்மா காலத்துப் பழக்கம். இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளும் துணி துவைக்கிற தோய்கல் மேல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி. துணியின் மேல் வரிசை வரிசையாக அறுபது எழுபது காசுகள், கண் கூசுகிற மாதிரி பளபளத்தன.

ராயப்பன் அங்கேயே நின்றுவிட்டார்.

“பச்சையா பிசுபிசுன்னு கெடந்துச்சுங்க” என்றாள் மேரி. முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள். விரல்களெல்லாம் செங்கல் நிறம். “புது ஆல்பத்துல அழுக்கோட வைக்கறதா? பொழுதுக்கும் உக்காந்து ஒவ்வொண்ணா தேச்சேன். செவ செவன்னு ஆயிட்டுது பாருங்க. நாளைக்கு கல்லறைக்கு எடுத்துக்கினு போவலாம். பொண்ணு பார்த்தா சந்தோசப்படுவா.”

அவர் குனிந்து தேடினார். மூன்றாவது வரிசையில் அது இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தார். ராஜாவின் கன்னம் பளிச்சென்று வழவழப்பாக இருந்தது. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். வரியும் இல்லை, தழும்பும் இல்லை. கழுவக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் வாயை மூடிக்கொண்டு போனார். கோபம் வந்தது. எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் திரும்பி அவர்மேலேயே விழுந்தது.

“இன்னாங்க, நல்லா இல்லையா?”

“நல்லா இருக்குது.”

“எனுக்கு ஒண்ணு காட்டணும்னு சொன்னீங்களே?”

அதற்குள் அவளே பைக்குள் கைவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டாள். அவர் கையிலிருந்த காலணாவையும் வாங்கி, கண்ணாடிக்கு அடியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அவளுடைய கட்டைவிரல் ராஜாவின் கழுத்தருகே அழுந்தியிருந்தது. வெகுநேரம் கவனமாகப் பார்த்தாள்.

“ராஜா மூஞ்சிதான் தெரியுது. வேற ஒண்ணும் இல்லையே. இதுல இன்னா பார்க்கணும்?”

 இப்போது சொன்னால் இவள் காசைத் தேய்த்த தன் கையை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள் என்று ராயப்பனுக்குத் தெரிந்தது.

“திருப்பிப் பாரு மேரி” என்றார். “வருசம் போட்டிருக்கும் பின்னாடி. அதைத்தான் காட்டலாம்னு இருந்தேன்.”

அவள் திருப்பி, ஒவ்வொரு எண்ணாக எழுத்துக்கூட்டி, மெதுவாக வாசித்தாள்.