அண்ணை பூட்டிய சேர்வோ

1.
கொடிகாமத்தில் ஒரு கராச்சில் என் மோட்டார் சைக்கிளுக்குச் செயின் மாற்றக் காத்திருந்தேன். பக்கத்தில் நின்றவர் கைபேசியில் சொன்னார்: "ஓம் அண்ணை. நான் கை வைக்கேல்லை அண்ணை." எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், மிச்சம் நான் கட்டியது. வாசித்துவிட்டு அவர் சண்டைக்கு வந்தால் அதிலும் நியாயம் இருக்கும்.

2.
உரும்பிராயில் ஒரு பழைய ஒஸ்ரின் கார் இருந்தது. அதை மூடியிருந்த தறப்பாளுக்குக் கீழே காலம் உறைந்து—

(சீ. அது கார். துடைத்தால் மினுங்கும்.)

மறுபடி. அருள்நேசனுக்கு அந்தக் காரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கார் கனடாவில் இருக்கும் அண்ணன் தேவராஜாவுடையது. கழுவுவதும், பற்றரி இறங்காமல் பார்ப்பதும், எலி விரட்டுவதும் தம்பி. "என் கைவண்ணம்" என்று முகநூலில் படம் போடுவது அண்ணன்.

3.
போன முறை வந்தபோது தேவராஜா முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக்கும், அதற்குத் துணையாகச் சேர்வோவும் பூட்டிவிட்டுப் போனார்.

[சேர்வோ என்பது எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவைப் பிறேக்குக்குக் கொடுக்கும் தகரக் குடுவை. உள்ளே ஒரு றப்பர். அது வெடித்தாலும் எஞ்சின் ஓடும்வரை ஒருவாறு ஒப்பேறும். எஞ்சினை நிறுத்தினால், ஏறி நின்று மிதித்தாலும் கார் இலேசில் நிற்காது.]

றப்பர் வெடித்தது. புது றப்பர் கனடாவிலிருந்து பார்சலில் வந்தது.

"பூட்டட்டோ அண்ணை?" என்று அருள்நேசன் கைபேசியில் கேட்டார்.

"நீ கை வைக்காதை. உதெல்லாம் உனக்கு விளங்காது. நான் வந்து செய்யிறன்."

பெட்டி அலுமாரிக்கு மேல் ஏறியது.

4.
அருள்நேசனை அப்பாவியாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். ஆள் இடம் கொடுக்கவில்லை. பிறேக் மிதி கல்லாய் இறுகும் போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். நல்லாய் இறுகட்டும், வந்து பார்க்கட்டும் என்று மனம் கறுவியது. அந்தப் பெட்டியை ஒரு பின்னேரத்தில் பிரித்து வேலையை முடித்திருக்கலாம். வேண்டுமென்றேதான் தொடவில்லை.

ஆனால் மறைக்கவும் இல்லை. அண்ணன் வந்திறங்கியதும் சொன்னார்.

"இன்னும் றப்பர் மாத்தேல்லை. ஓட்டத்திலை எஞ்சினை நிப்பாட்டிப்போடாதேங்கோ."

"நான் ஓடிப் பழகின கார். நீ எனக்குப் படிப்பிக்காதை."

"சித்தப்பா பயந்திட்டார்!" என்று அண்ணன் மகள் லவீனா சிரித்தாள். அருள்நேசனும் சிரித்துவைத்தார்.

5.
இன்று புத்தூருக்குப் போகிறார்கள். தேவராஜா ஓட்டுகிறார். பக்கத்தில் லவீனா, பின்னால் அருள்நேசன்.

"சண்டை நேரம், பொருளாதாரத் தடைக் காலத்திலை காருக்கு எண்ணெய் இல்லை பிள்ளை. சந்திக்கு முன்னமே எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு உருட்டிக்கொண்டு வருவம். பார், செய்து காட்டுறன்."

உண்மைதான், எல்லாரும் செய்தார்கள். அன்று இந்தக் காரில் டிஸ்கும் இல்லை, சேர்வோவும் இல்லை.

6.
முடிவு: அருள்நேசன் திரும்பவும் சொல்கிறார், அண்ணன் கேட்கிறார். (பிறந்த நாள் முதல் கேட்காதவர், என் கதைக்காகக் கேட்பாரா?)

வேறு முடிவு: கார் பஸ்ஸுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடுகிறது. எல்லாரும் சிரித்து— (பொய்.)

வேறு: லவீனாவின்—

இதை நான் எழுத மாட்டேன்.

எஞ்சினை நிறுத்தத் தேவராஜாவின் விரல்கள் திறப்பைப் பிடித்துவிட்டன. சந்தியில் பஸ் திரும்புகிறது. "அண்ணை" என்ற சொல்வரைக்கும் அருள்நேசனைக் கொண்டுவந்து விட்டேன். அதற்கு மேல் சொன்னால் அவர் மறுபடி பயந்தாங்கொள்ளி. சொல்லாவிட்டால் கொலைகாரன். ஏற்கெனவே ஒருமுறை சொன்னவனையே இரண்டிலொன்றாக ஆக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வருமென்றால் எழுதுங்கள்.

கெதியாக எழுதுங்கள். அந்தக் காரில் இருக்கைப் பட்டி கிடையாது.