வியாழக்கிழமை எட்டு மணி வகுப்பு

பிள்ளைகள் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைகளின் மேல் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். தரையில் பசைக்குச்சி மூடிகள், பென்சில் சீவல், விளையாட்டுத் திடலிலிருந்து காலணியோடு வந்த மணல். குன்சாங் மணலை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்தான். பிறகு தட்டையான தரைதுடைப்பானை நனைத்து, கதவை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே துடைத்தான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், தெற்கோரத்தில் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில் பதினான்கு வகுப்பறைகள், ஆறு கழிவறைகள், ஓர் ஆசிரியர் ஓய்வறை. மூன்றரைக்குத் தொடங்கினால் ஏழரைக்குள் முடித்தாக வேண்டும். அதற்கு மேல் ஆகும் நேரம் அவனுடைய சொந்த நேரம்.

ஓய்வறைச் சுவரில் பள்ளியின் கால அட்டவணை ஒட்டியிருந்தது. புதன்கிழமை மூன்றாவது பீரியடில் இரண்டு வகுப்புகளுக்கு ஒரே நூலகம். வேலைக்கு வந்த முதல் வாரமே அதைக் கண்டுபிடித்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. பூட்டானில், ட்ராஷிகாங்குக்கு மேலே இருந்த ஒரு பள்ளியில் ஒன்பது வருஷம் துணை முதல்வராக இருந்தவன் அவன். இருபத்திரண்டு பிரிவுகளுக்கு அட்டவணை போடுவது அவன் வேலை. அவன் போட்டதில் ஒரு முட்டல் மோதல் இருந்ததில்லை.

தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. லாதென். அவன் மனைவி வேலை நேரத்தில் கூப்பிட மாட்டாள்.

"சோக்கி அப்பா, தணிக்கைப் பாடத்தைக் காணோம்."

"எங்க காணோம்?"

"பதிவு பண்ற பக்கத்துல. மத்த ரெண்டும் இருக்கு. இது மட்டும் இல்ல."

"ரெண்டாவது செமஸ்டர்னு போட்டுத் தேடு."

"நாலு தடவை தேடிட்டேன். அடுத்து பிப்ரவரின்னு காட்டுது."

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றான். கையுறையைக் கழற்றிய கை ஈரமாகவே இருந்தது. அவள் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தாள்; அவளுடைய மின்னஞ்சல் பெட்டி அவன் கைப்பேசியில்தான் இருந்தது. அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில் வேலை நேரத்தில் கைப்பேசியைத் தொடக்கூடாது. வகுப்பு, வேலை, தூக்கம் போக அவளுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. அதனால் கடிதங்களைப் படிப்பது அவன் பொறுப்பு என்று வந்த புதிதிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள்.

ரயிலில் உட்கார்ந்து தேடினான். டிசம்பர் ஒன்பதாம் தேதி. 'உங்கள் படிப்பில் மாற்றங்கள்.' அதைத் திறந்த இடம்கூட அவனுக்கு ஞாபகம் வந்தது. அப்போது அலுவலகக் கட்டடம் ஒன்றில் வேலை. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். மேற்பார்வையாளர் கூப்பிட்டதும் முதல் இரண்டு வரியோடு மூடிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை படிக்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும். பதினோராவது வரியில் இருந்தது: மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதால் தணிக்கைப் பாடம் இனி முதல் செமஸ்டரில் மட்டும்.

அழிக்கவில்லை. அன்றிரவு சொல்லவும் இல்லை.

*

அவர்கள் ரயில் பாதையின் கடைசி நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். வாடகை அங்கேதான் கட்டுப்படியானது. வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பேருந்து, ரயில், மறுபடி பேருந்து. முழுநேர மாணவி என்பதால் லாதெனுக்குப் பாதிக் கட்டணம். மாணவியின் கணவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. பாதி என்றாலும் வாரத்துக்கு ஐந்து நாள் போய் வந்தால் அது பாதியாகத் தெரியாது. அதோடு நாளும் போய்விடும். ஆகவே குன்சாங் மூன்று செமஸ்டர்களாக அவள் வகுப்புகள் அத்தனையையும் செவ்வாய், புதன் இரண்டு நாளுக்குள் அடைத்துவிட்டான். வண்ணப் பென்சிலால் கட்டம் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினான். பச்சை வகுப்பு, சிவப்பு முதியோர் இல்லம், மஞ்சள் தூக்கம்.

பார்த்தவர்கள் எங்களுக்கும் போட்டுக் கொடு என்றார்கள். அந்த வட்டாரத்துப் பூட்டான்காரர்களில் பதினோரு வீடுகளுக்குப் போட்டிருக்கிறான். அவர்களோடு அதே வீட்டில் வாடகையைப் பகிர்ந்துகொண்டு குடியிருந்த நாம்கே ஊரில் வனத்துறைக் காவலர். இங்கே கிடங்கில் பெட்டி தூக்குகிறவன். "லோபென் டைம்டேபிள் போட்டா ரயிலே பயந்துகிட்டு நேரத்துக்கு வரும்" என்பான். ஆசிரியரை ஊரில் லோபென் என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே அப்படி அதிகம் கூப்பிடுகிறவன் நாம்கேதான். அதில் பாதி கிண்டல்.

தணிக்கை மட்டும் அந்த இரண்டு நாளுக்குள் அடங்கவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணி, ஒரே ஒரு வகுப்பு. அதற்கு ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். வியாழக்கிழமை அவளுக்கு முதியோர் இல்லத்தில் நிலையான வேலை. மூன்றாவது செமஸ்டர் பதிவின்போது லாதென் கேட்டாள், கஷ்டமான பாடம், முதலிலேயே முடித்துவிடலாமே என்று. கடைசிக்குத் தள்ளு, அந்தப் பாடம் வருஷத்தின் இரண்டு செமஸ்டரிலும் உண்டு என்றான். கையேட்டைக் காட்டினான். அவர்கள் வந்து சேர்ந்த நாளில் கொடுத்த கையேடு. அதில் அப்படித்தான் இருந்தது.

*

மறுநாள் படிப்பு ஆலோசகரைப் பார்க்கப் பதினைந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். ஹெதர் என்ற அந்தப் பெண் நல்லவள்தான். இரண்டாவது நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள். விசா பற்றிப் பயப்பட வேண்டாம், கடைசிக் கட்டம் என்பதால் குறைந்த பாடங்களுக்கு அனுமதிக் கடிதம் தருகிறேன் என்றாள். இந்தச் செமஸ்டரில் இரண்டு பாடம், பிப்ரவரியில் தணிக்கை. விசாவை நீட்டிக்க வேண்டும், மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும். டிசம்பரில் முடிய வேண்டிய பட்டம் அடுத்த ஜூலையில் முடியும்.

"எங்களுக்கு யாரும் சொல்லலையே" என்றாள் லாதென்.

"டிசம்பர்ல எல்லாருக்கும் மெயில் போயிருக்கு."

"எனக்கு வரல. வந்திருந்தா இந்த பிப்ரவரியிலயே எடுத்திருப்பேன்."

பெட்டியில் தேடிப் பார்க்கலாமா என்று ஹெதர் கேட்டாள். லாதென் கணவன் பக்கம் கையை நீட்டினாள். குன்சாங் கைப்பேசியைக் கொடுத்தான். அவள் தேதி போட்டுத் தேடினாள். அது இருந்தது. அதற்கு மேலும் கீழும் படிக்காத விளம்பரக் கடிதங்கள் தடித்த எழுத்தில் நின்றன. இது மட்டும் மெல்லிய எழுத்தில், திறந்து பார்த்த கடிதமாக இருந்தது.

லாதென் அதைப் படித்தாள். பதினோராவது வரிக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வந்திருக்கு" என்று ஹெதரிடம் சொன்னாள். "நான்தான் கவனிக்கல."

ஹெதர் மணியைப் பார்த்துவிட்டு, இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன் என்றாள். இரண்டு பாடம் மட்டும் என்றால் முழுநேரக் கணக்கில் வராது. "பயணச் சலுகையை நிறுத்திடுவாங்க. பழைய அட்டையிலயே போகாதீங்க, சோதனையில மாட்டினா அபராதம். வேணும்னா சும்மா இன்னொரு பாடம் சேர்த்துக்கலாம். முழுநேரம் ஆயிடும், சலுகையும் தொடரும்."

"அந்தப் பாடத்துக்குக் கட்டணம்?" என்று குன்சாங் கேட்டான். அந்த அறையில் அவன் பேசியது அது ஒன்றுதான்.

"வெளிநாட்டு மாணவர்களுக்கு என்ன கட்டணமோ அதேதான்" என்றாள் ஹெதர்.

அன்றிரவு வீட்டில் அதைக் கேட்டபோது நாம்கே சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டான். "அந்தக் காசுக்கு ஒரு ரயிலையே வாங்கி வாசல்ல கட்டிப் போடலாம், லோபென்." யாரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டு மறுபடி தட்டை எடுத்துக்கொண்டான். லாதென் சிவப்பரிசிச் சோற்றையும் மிளகாய்ச் சீஸ் குழம்பையும் பிசைந்துகொண்டே இருந்தாள்.

நாம்கேயும் அவன் மனைவியும் அறைக்குப் போன பிறகுதான் அவள் பேசினாள்.

"திறந்திருக்கீங்க."

"திறந்தேன். முழுசாப் படிக்கல."

"நேத்து ரயில்ல பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்புறமும் என்னை அங்க உக்கார வெச்சு, வரலன்னு சொல்ல விட்டீங்க."

அவள் தட்டைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சோக்கிகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது."

மகள் சோக்கிக்கு ஏழு வயது. ஊரில் லாதெனின் தங்கை வீட்டில் இருந்தாள். பட்டம் கிடைத்ததும் வேலை விசா, வேலை விசா வந்ததும் அவளை இங்கே பள்ளியில் சேர்ப்பது. ஒன்றரை வருஷமாக அவளிடம் சொல்லி வைத்த வரிசை அது. ஞாயிற்றுக்கிழமை காணொளியில் கூப்பிட்டபோது மேல்வரிசைப் பல் விழுந்த இடத்தை முதலில் காட்டினாள். குன்சாங் வளைத்துப் பேசத் தெரியாதவன். இந்த வருஷம் வர முடியாது, அம்மாவின் படிப்பு நீண்டுவிட்டது என்றான்.

"அம்மா ஃபெயிலா?"

"இல்ல. அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"எத்தன நாள் ஆகும்?"

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றான். குழந்தை நாளாகக் கேட்டதால் நாளாகச் சொல்லப் பார்த்தான். கணக்கு உடனே வரவில்லை. சோக்கி காத்திருந்து பார்த்தாள். "சரி. அப்ப என் பையில இருக்கிற துணியையெல்லாம் எடுத்துடச் சொல்றேன். சின்னதாப் போயிடும்ல" என்றாள்.

மறுநாள் லாதெனின் மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கப் போனபோது கடவுச்சொல் தவறு என்று வந்தது. இன்னொரு முறை அடித்துப் பார்த்தான். பிறகு கைப்பேசியை வைத்துவிட்டான்.

இன்னொரு வேலையும் இருந்தது. அதே படிப்புக்கு அவன் அட்டவணை போட்டுக் கொடுத்தவர்கள் நான்கு பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். இருவர் அவன் சொன்னதைக் கேட்காமல் தணிக்கையை முன்னாலேயே முடித்திருந்தார்கள். ஒருத்திக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது, தப்பித்தாள். நான்காவது ஆள் பாரோவிலிருந்து வந்த தந்தின். முன்பு ஓட்டலில் கணக்கு எழுதியவன். அவன் நிலைமையும் லாதெனின் நிலைமையும் ஒன்றுதான். திட்டவில்லை. "நீங்க போட்டதுன்னு நான் ஒரு தடவகூடச் சரிபார்க்கல, லோபென்" என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை. குன்சாங் அன்று குளிர்பதனப் பெட்டியின் கதவிலிருந்த தாளைக் கிழித்தான். கதவில் பசை நாடாவின் தடம் நான்கு மூலையிலும் இருந்தது. அதையும் சுரண்டி எடுத்தான்.

*

அடுத்த வருஷம் பிப்ரவரி கடைசி வியாழக்கிழமை, தணிக்கையின் முதல் வகுப்புக்கு, அவர்கள் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினார்கள். அவள் அவனைக் கூப்பிடவில்லை. அவனாகவே காலணி மாட்டிக்கொண்டான். முந்தைய இரவு அவளுக்கு முதியோர் இல்லத்தில் பதினோரு மணி வரை வேலை. வியாழக்கிழமை வேலையை விட்டதற்குப் பதிலாகக் கிடைத்தது அது. ரயிலில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். நிலையத்தில் இருவரும் முழுக்கட்டண அட்டைகளைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்கள். அடுத்த பேருந்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் நின்றார்கள். வெயில் அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தது.

வகுப்பு தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. எட்டடிக்க ஐந்து நிமிஷம். உள்ளே இருட்டு. அவர்கள் நுழைந்ததும் விளக்குகள் தாமாக எரிந்தன. அறுபது நாற்காலிகள், ஆள் இல்லை. தரை மெழுகின வாசனை இன்னும் போகவில்லை.

லாதென் அறை எண்ணைப் பார்த்தாள், கைப்பேசியைப் பார்த்தாள். முந்தைய இரவு ஒன்பதரைக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அப்போது அவள் ஒரு கிழவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்திருப்பாள். தணிக்கைப் பாடத்தின் வகுப்புகள் இந்தச் செமஸ்டர் முதல் பதிவாக மட்டுமே கிடைக்கும். மாணவர்கள் தங்களுக்கு வசதியான நேரத்தில், வீட்டிலிருந்தே பார்க்கலாம். வளாகத்துக்கு வரத் தேவையில்லை.

அவள் அதை அவனிடம் நீட்டினாள். அவன் கடைசி வரி வரை படித்தான். படித்து முடித்த பிறகும் திருப்பிக் கொடுக்காமல் நின்றான்.

"கிளம்பலாமா?" என்றான்.

"காசு குடுத்து வந்தாச்சு. அடுத்த பஸ்ஸும் இப்ப இல்ல" என்றாள் லாதென்.

முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து தேதி எழுதினாள். கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து நிறுத்திவிட்டுக் காதில் ஒலிக்குமிழ்களைச் செருகிக்கொண்டாள். சின்னத் திரையில் ஓர் ஆள் தன் வீட்டுப் புத்தக அலமாரி முன்னால் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு நாய் படுத்திருந்தது. குன்சாங் கடைசி வரிசைக்குப் போனான்.

பத்து நிமிஷத்தில் விளக்குகள் அணைந்தன. ஆள் நடமாட்டம் இல்லையென்றால் அணைந்துவிடும் விளக்குகள்; அவன் வேலை செய்யும் பள்ளியிலும் அப்படித்தான். லாதென் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. குன்சாங் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். விளக்குகள் எரிந்தன. அவள் திரும்பிப் பார்க்காமல் விட்ட இடத்திலிருந்து எழுதினாள். அதற்கப்புறம் அவன் கையைக் கீழே இறக்காமல் ஆட்டிக்கொண்டே இருந்தான்.