ஓரகத்தியின் குளம்

மீனுக்கு ஊசி போடுகிறாள் என்று கேள்விப்பட்டதும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். வரப்பில் மல்பெரி இலை பறித்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் கேட்கும்படிதான் சிரித்தேன்.

"ஊசி போட்டாச்சு. அடுத்து தொட்டில் கட்டித் தாலாட்டப் போறா, பாருங்க."

அவர்களும் சிரித்தார்கள். எனக்கு அது போதவில்லை.

யின்-ஃபோங் என் ஓரகத்தி, கொழுந்தன் கம்-லுனின் மனைவி. கூட்டுப்பண்ணையான கம்யூன் கலைந்து குளங்கள் வீட்டுக்கு வீடு வந்தபோது, குலுக்கல் சீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பக்கத்துப் பக்கத்துக் குளமாக விழுந்தது. நடுவில் ஓர் ஆள் நடக்கிற வரப்பு. வாய்க்காலை ஒட்டிய பெரிய குளமும், கூடவே குஞ்சு விட ஒரு சின்னக் குளமும் எங்களுக்கு. நல்ல தண்ணீர் முதலில் எங்களிடம்தான் வரும். ஆனாலும் மூன்று வருடமாக அவர்கள் குளத்துப் புல்கெண்டைதான் பருத்தது. மீன் வாங்க வரும் கல்யாண வீட்டுக்காரர்கள் எங்கள் கரையைத் தாண்டித்தான் அவர்கள் கரைக்குப் போவார்கள். போகிற போக்கில் என்னிடம், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே எனக்கு வாய் கசக்கும்.

அவள் ஆற்றின் மேல்பக்கம், குஞ்சு பொரிக்கும் ஊரில் பிறந்தவள். செவுளைத் தூக்கிப் பார்த்தே மீனுக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவாளாம். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினான்கு வருடம். அவள் வந்து ஐந்து வருடம். குளத்துச் சங்கதி எதுவானாலும் என் வீட்டுக்காரர் கம்-சுன்கூட, "எதுக்கும் யின்-ஃபோங்கை ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் தட்டில் நான் எத்தனை நாள் கருகிய மீனைப் போட்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

வசந்தத்தில் மீன் நிலையத்திலிருந்து மாக் வந்து கூட்டம் போட்டார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர்.

"போன வருஷம் கீழூர்ல குஞ்சு எல்லாம் சிவந்து செத்துச்சே, அது வைரஸ். புல்கெண்டையைப் பிடிக்கிற வைரஸ். மனுஷனுக்கு ஒட்டாது. ஆனா இதோட வம்சம் பெருசு. ஒண்ணு நெல்லைக் குட்டையாக்கும். ஒண்ணு நம்ம கைக்குழந்தைக்கு வயித்துப்போக்கு குடுக்கும். ஒரே குடும்பம், எல்லாத்துக்குள்ளயும் மரபு இழை ஒரே மாதிரி ரெட்டையா இருக்கும்."

"குடும்பம்னு வந்தாலே வில்லங்கம்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். யின்-ஃபோங் மட்டும் சிரிக்காமல், மருந்து எப்படிச் செய்வது என்று கேட்டாள். நோய் கண்டு சாகப்போகிற மீனின் ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் உப்புத் தண்ணீர் விட்டு அரைத்து, வடிகட்டி, ஃபார்மலின் கலந்து, மூன்று நாள் வெதுவெதுப்பில் வைக்க வேண்டும். வைரஸ் செத்துவிடும். செத்த வைரஸை ஊசியில் ஏற்றினால், உயிருள்ளது வரும்போது மீன் தாங்கும். மாக் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள்.

நிலையத்தில் இருந்த மருந்து மூன்று குளத்துக்குத்தான் காணும். அவள் வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, உங்க குளத்துக்கும் சேர்த்தே வாங்கியிருக்கேன். நாளைக்குப் போட்டுடலாமா?"

"என் மீன் என் கையால தின்னு வளருது. ஊசி வேணும்னு அது கேக்கல."

கம்-சுன் வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். எங்கள் பங்கு மருந்து வேறு யாருக்கோ போனது.

ஐந்தாம் மாதம், டிராகன் படகுப் போட்டி முடிந்த மறுநாள், கரையோரம் நாலைந்து மீன்கள் கறுத்துப்போய்த் தலையைத் தூக்கி மிதந்தன. புல்லை அள்ளிப் போட்டேன். சீண்டவில்லை. ஒன்றைப் பிடித்துத் தோலை உரித்தேன். உள்ளே சதை முழுக்க ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. செவுளிலும் துடுப்படியிலும் அதே சிவப்பு. மறுநாள் நாற்பது செத்தன. அதற்கு மறுநாள் எண்ண முடியவில்லை. மூங்கில் கூடையில் அள்ளி அள்ளிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டோம். கம்-சுன் என் முகத்தைப் பார்க்காமல் கூடையை மட்டும் நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் குளத்தில் புல்லைப் போட்டதும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் எழும்பும். அந்தச் சத்தம் என் அடுப்படி வரை கேட்கும். நோயை அவள்தான் தள்ளிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். ஊசியை நான் நம்பவில்லை. அதிர்ஷ்டம் அந்தப் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அது எப்படி அவளுக்கு மட்டும்?

ஒரு நாள் உச்சி வெயிலில் எல்லாரும் சாப்பிட்டுச் சாய்ந்திருந்தார்கள். நான் வாளி எடுத்து, துடித்துக்கொண்டிருந்த நோய் மீன் பத்துப் பன்னிரண்டைத் தண்ணீரோடு அள்ளினேன். வரப்பில் ஏறி, அவள் குளத்தில் கவிழ்த்தேன். வீட்டுக்கு வந்து ஆறிய கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்தேன். வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் பசித்தது.

பிறகு காத்திருந்தேன். ஒரு நாள். இரண்டு நாள். மூன்று நாள். புல்லைப் போட்டாள், தண்ணீர் கொதித்தது.

ஐந்தாம் நாள் காலையில் அவளே வந்தாள். தோளில் குளிர்பெட்டி, கையில் ஊசிகள். கம்-சுன் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், உங்க சின்னக் குளத்துக் குஞ்சுகளுக்கு இன்னும் நோய் வரலையே? இன்னிக்கே ஊசி போட்டுடலாம்."

அந்தச் சின்னக் குளத்தில் அடுத்த வருடத்துக்கான மூவாயிரம் குஞ்சுகள் இருந்தன. எங்களுக்கு மிச்சம் அதுதான்.

"நிலையத்துல மருந்து தீர்ந்துபோச்சுன்னாங்களேம்மா" என்றார் அவர்.

"நானே செஞ்சேன். அக்காதான் நோய் மீனை வாளியில கொண்டாந்து குடுத்தாங்க. உயிரோட குடுத்ததாலதான் மருந்து சரியா வந்துச்சு. மாக் வந்து பாத்தாரு. நேத்து பத்து மீனுக்குப் போட்டுப் பாத்தோம், ஒண்ணும் ஆகல."

கம்-சுன் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாரக்கணக்கில் பார்க்காத முகத்தை இப்போது நேராகப் பார்த்தார்.

"நீயா குடுத்தே? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அவர் சந்தோஷமாகத் தொட்டி கழுவப் போனார். அவர் தலை மறைந்ததும் அவள் கையைப் பிடித்தேன்.

"பாத்தியா?"

"மல்பெரிக்குள்ளதான் இருந்தேன். நீங்க போனதும் வலை போட்டு அள்ளிட்டேன்."

"ஊரைக் கூட்டியிருக்க வேண்டியதுதானே?"

"கூட்டினா ஊர் என் பக்கம் நிக்கும். இப்பவே நிக்குது. அதை வச்சுக்கிட்டு நான் என்னக்கா பண்ணுறது?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். நான் செய்த கெடுதலையும் எடுத்து நல்லதாக்கி, அதிலும் தானே பெரிய மனுஷியாகிவிடுகிறாள். மீன் பெருத்ததற்குக்கூட நான் இவ்வளவு எரிந்ததில்லை. ஆனால் குஞ்சுகள் என்னுடையவை. போய்த் தொட்டியருகே உட்கார்ந்தேன்.

ஊசி ஆழமாக இறங்காதபடி அதன் கழுத்தில் சைக்கிள் வால்வு டியூப்பைத் துண்டு வெட்டி மாட்டியிருந்தாள். இடது கையில் குஞ்சு, மார்புத் துடுப்பின் அடியில் ஒரு குத்து, தண்ணீருக்குள் விடு. முதல் பத்தை நசுக்கினேன். அவள் பதினொன்றாவதை எடுத்து என் கையில் வைத்தாள். பத்து வயதிலிருந்து பட்டுக்கூட்டில் நூல் எடுத்த விரல்கள் என்னுடையவை. நூறு தாண்டியதும் விரல்களுக்கே வழி தெரிந்துவிட்டது. எடு, குத்து, விடு. மத்தியானத்துக்குள் அவள் ஒன்று போடுவதற்குள் நான் இரண்டு போட்டேன்.

சாயங்காலம் பார்க்க வந்த மாக், வாயைப் பிளந்தார்.

"அட, நிலையத்துலகூட இந்த வேகம் கிடையாது! அடுத்த மாசம் பக்கத்து ஊருக்கெல்லாம் போடணும். நீங்கதான் வரணும், மூத்தவங்களே. யின்-ஃபோங், நீ மருந்தை மட்டும் பாத்துக்கோ. ஊசி இவங்க கையில இருக்கட்டும்."

கரையில் நின்றவர்கள் எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்தேன்.

அவள் தலையைக் குனிந்து ஊசிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். உதடு இறுகியிருந்தது. "வேகமாப் போட்டா மட்டும் போதுமா? நாளைக்கு எத்தனை மிஞ்சுதுன்னு பாக்கணும்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடம் அது என் தொண்டையில்தான் இருந்தது.

குஞ்சுகளில் நூறுகூடச் சாகவில்லை. பெரிய குளத்தில் பாதிக்கு மேல் போனது போனதுதான். வாளியில் என்ன கொண்டுபோனேன் என்று கம்-சுனிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம், அவள் அப்படி உதட்டை இறுக்கி நின்றபோதுதான், வந்த ஐந்து வருடத்தில் முதல் முறையாக அவள் என் வீட்டுப் பெண்ணாகத் தெரிந்தாள்.

"வா தங்கச்சி" என்றேன். "பொங்கின சோறு இருக்கு. சாப்பிட்டுட்டுப் போய் எரிச்சல்படு."

முறைத்தாள். பிறகு வந்தாள்.