பல்லும் படமும்

மா தொக்-பே மினி பஸ்ஸை நிறுத்திவிட்டு ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். யாரும் அசையவில்லை. பூசான் துறைமுகத்தைப் பார்த்தபடி ஏறும் அந்த மலைத்தெருவை ஒரு படப்பிடிப்புக் குழு முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. முட்டைக்கோஸ் மூட்டைகளோடு உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் கூச்சல் போட்டார்கள். வேறு நாளாக இருந்தால் அவரும் இறங்கிப் போய் ஒரு கை பார்த்திருப்பார். அன்று, மகளைச் சமாளிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று தோன்றியது.

மகள் ஹே-தாமுக்கு இரண்டு இடங்களில் சீட் கிடைத்திருந்தது. ஒன்று, பஸ் போகும் தூரத்தில் பல் சுகாதாரப் படிப்பு. மற்றொன்று, அவள் ஆசைப்பட்டது, சியோலில் சினிமாப் படிப்பு. அங்கே ஒரு பருவத்துக்கு நாற்பத்தைந்து லட்சம் வொன். கட்டில் போட்டால் கதவு திறக்காத அறைக்கு வாடகை வேறு. நாளை மறுநாள் நாலு மணிக்குள் ஏதாவது ஒன்றில் பணம் கட்டியாக வேண்டும்.

"பல்லு எல்லாருக்கும் இருக்கு. சினிமா எத்தனை பேருக்கு இருக்கு?" என்பது தொக்-பேயின் வாதம். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் மனைவி யோங்-சுன், "உங்க வாயில பாதி இல்லையே" என்பாள்.

மறுநாள் அவருக்கு விடுமுறை. ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு படப்பிடிப்புக்குப் போனார். ஹே-தாமையும் இழுத்துக்கொண்டு போனார். ஆளுக்கொரு பழம், பழத்துக்கொரு கேள்வி.

விளக்குக் கம்பத்தைப் பிடித்திருந்தவர் சமையல் படித்தவராம். கேமரா உதவியாளன் பியோ, புகைப்படக் கலையில் நாலு வருஷப் பட்டம் வாங்கியவன்.

"மாசம் என்னப்பா வரும்?"

"படம் இருந்தா வரும்ண்ணே. ஞாயித்துக்கெழமை குழந்தைங்களோட மொதல் பொறந்தநாளுக்குப் போய்ப் படம் எடுக்கறேன். சோறு அதுல."

"அப்போ இதுல?"

பியோ பழத்தை உரித்தபடி யோசித்தான். "அனுபவம்."

தொக்-பே மகளைத் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் அம்மாள் கணுக்கால்வரை தொங்கும் குளிர்கோட்டில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவளையும் விடவில்லை.

"என் வீட்டுக்காரர் மருந்துக்கடை வெச்சிருக்காருங்க" என்றாள் அவள், கூச்சமே இல்லாமல்.

"கேட்டியா? மொதல்ல ஒரு மருந்துக்கடைக்காரனைப் பிடி. அப்புறம் சியோலுக்குப் போ."

அங்கே வசதியாக இருந்தவர் ஒருவர்தான். தண்ணீர் லாரி கொண்டுவந்து பொய்மழை பெய்விப்பவர். நிஜ மழை பெய்தாலும் அவருக்குக் கூலி உண்டாம். "இந்த மழைக்குப் படிப்பு ஏதும் இருக்கா?" என்று தொக்-பே அவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வந்தது வினை. குடையோடு மேட்டில் ஏறிப் போக வேண்டிய துணை நடிகர் வரவில்லை. இயக்குநர் தொக்-பேயை மேலும் கீழும் பார்த்தாள்.

முதல் தடவை கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்த தடவை குடை மடங்கிக்கொண்டது. அதற்கடுத்தாற்போல், மேலே நின்ற பஸ் பயணி ஒருத்தி "டிரைவரண்ணே, இன்னிக்கு வண்டி இல்லையா?" என்று கத்த, இவர் நின்று பதில் சொன்னார். ஒவ்வொரு தடவையும் டிசம்பர் குளிரில் மழை புதிதாகக் கொட்டியது. ஒருவழியாக இயக்குநர் "சரி" என்று கையைத் தூக்கியபோது அவருக்குப் பற்கள் கிடுகிடுத்தன.

பியோ துண்டைப் போர்த்திவிட்டுச் சிறிய திரையைக் காட்டினான். மழையில் ஒரு மனிதன், ஒரு தோள் சற்றே இறங்கி, மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தான்.

"யாரு இது?"

"நீங்கதான்ண்ணே."

அவர் வெகுநேரம் பார்த்தார். தன் முதுகை அவர் கண்டதே இல்லை. "எங்கப்பா மாதிரி இருக்கு" என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

வீட்டில் இஞ்சிக் கஷாயத்தைக் கையில் வாங்கியதும் அறிவித்தார்: "ஹே-தாம் சியோலுக்குப் போகட்டும். கடனை நான் பாத்துக்கறேன்."

யோங்-சுன் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

ஹே-தாம் தலை நிமிரவில்லை. "வேணாம்ப்பா. பியோ அண்ணன்கிட்ட நானும் பேசினேன். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். நான் பல்லுக்கே போறேன்."

"பல்லா! கண்டவன் வாயில கையை விட்டுக்கிட்டு... அதுக்கா உன்னைப் பெத்தோம்?"

"நேத்துவரைக்கும் நீங்கதானே சொன்னீங்க?"

"நேத்து நான் நனையலடி!"

"ஹே-தாம் அப்பா," என்றாள் யோங்-சுன், "நீங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே பக்கம் நிக்கவே மாட்டீங்களா?"

மறுநாள் மதியச் சோற்றுக்குப் பிறகு ஹே-தாம் அவருடைய பஸ்ஸில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கடைசி நிறுத்தம் வந்தும் அவள் இறங்கவில்லை. வண்டி திரும்பியது, கீழே போய் மறுபடி ஏறியது. மூன்றரை தாண்டியிருந்தது; பணம் கட்ட அரை மணிகூட மிச்சமில்லை. உச்சி வளைவில் கடல் சட்டென்று திறந்துகொள்ள, நங்கூரமிட்ட கப்பல்களுக்கு மேலிருந்து வெயில் பஸ் முழுக்கப் பாய்ந்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தார். ஹே-தாம் போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். பணம் கட்டுகிறாளா, படம் எடுக்கிறாளா, தெரியவில்லை. தொக்-பே வேகத்தைக் குறைத்தார்.

"என்ன டிரைவரே, மாட்டுவண்டியா ஓட்டறீங்க?" என்று முன் இருக்கையிலிருந்து ஒருத்தி கேட்டாள். பஸ் வெயிலுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது.