மதிப்பெண் கேட்டு வந்த கடிதம்

டெலேனிக்குப் பதினாறு வயது. லைசென்ஸ் வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. நெப்ராஸ்காவில் அவர்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் பன்னிரண்டு மைல், பஸ் கிடையாது. வீட்டில் அவளும் அப்பா ராய்ஸும் மட்டும்தான். அவர் விடியும் முன்பே தானியக் கிடங்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆகவே பழைய காரை அவளேதான் ஓட்டிப் போவாள்.

ஜனவரியில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அப்பா பேருக்கு ஒரு கடிதம் வந்தது; அவள்தான் முதலில் பிரித்தாள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் கார் ஓட்டினால் கட்டணத்தில் கம்பெனி கொஞ்சம் தள்ளுபடி தரும். அதற்காக மதிப்பெண் பட்டியல் கேட்டிருந்தார்கள். இந்தத் தடவை வேதியியல் அவள் காலை வாரிவிட்டிருந்தது. 'முப்பது நாளுக்குள் பட்டியல் வராவிட்டால் நீக்கப்படும்' என்ற வரியைக் கண்டதும் அவள் மேற்கொண்டு படிக்கவில்லை. இன்சூரன்ஸிலிருந்து தன் பெயரையே நீக்கிவிடுவார்கள் என்று நினைத்தாள். கடிதத்தை மடித்துக் கூடைப்பந்துப் பையின் அடியில் செருகினாள்.

முப்பது நாள் கடந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் திருட்டுக் காரை ஓட்டுகிறவள் மாதிரி, பயந்து பயந்து மெதுவாக ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு முந்திப் போனார்கள்.

ஒரு வியாழக்கிழமை, பள்ளி விட்டு வரும் வழியில், ஸ்டாப் பலகைக்கு முன் பிரேக்கை மிதித்தாள். பனிக்கட்டியில் கார் வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நின்ற பிக்கப் வண்டியின் பின்புறத்தில் மோதியது.

இறங்கி வந்தவர் ஸ்டானெக், பன்றிப் பண்ணைக்காரர்.

"அடி கிடி பட்டுச்சாம்மா?"

"இல்லீங்க. உங்களுக்கு?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். வண்டிதான் பின்னால கோணிக்கிச்சு. இன்சூரன்ஸ் கார்டு இருக்குல்ல?"

கார்டை நீட்டினாள். செல்லாத கார்டைக் கொடுத்து ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பில் கண்ணில் நீர் முட்டியது. குளிரில் நடுங்குகிறாள் என்று நினைத்து அவர் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். அது அவளை இன்னும் அழவைத்தது.

அவள் போன் செய்ததும் ராய்ஸ் இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தார். மேலெல்லாம் சோளத் தூசி. முதலில் மகளின் தலை, தோள், கை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் காரைப் பார்த்தார்.

"அப்பா, நமக்கு இன்சூரன்ஸ் இல்லப்பா," என்றாள். "கடுதாசிய ஒளிச்சு வச்சிட்டேன். என் பேர எடுத்திருப்பாங்க. வீட்டையே வித்துத்தான் இவருக்குக் குடுக்கணும்."

பையிலிருந்து கசங்கிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ராய்ஸுக்கும் முகம் வெளுத்தது. அங்கேயே நின்றபடி ஏஜெண்ட் கார்லாவுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"பேர எடுக்கறதா? யாரு சொன்னா?" என்றாள் கார்லா. "தள்ளுபடிய மட்டும்தான் எடுத்தோம். பொண்ணு பேரு அப்படியே இருக்கு ராய்ஸ். இன்னிக்கு நடந்ததுக்கும் இன்சூரன்ஸ் உண்டு. அந்தக் கடுதாசிய முழுசா யாராச்சும் படிச்சீங்களா, இல்லியா?"

டெலேனி காரின் மேல் சாய்ந்தாள். ஒரு மாதமாக நெஞ்சில் அடைத்திருந்த மூச்சு, குளிரில் வெள்ளைப் புகையாக வெளியே வந்தது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்; அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்திருந்தது.

"ஏண்டி, வேதியியல்ல எவ்வளவு?"

சொன்னாள்.

ஸ்டானெக் விழுந்து விழுந்து சிரித்தார். "அதுல நான் ஃபெயிலும்மா. அதான் பன்னி மேய்க்கிறேன்."

"நீங்க வேற ஏத்திவிடாதீங்க," என்ற ராய்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மகளிடம் திரும்பினார். "எங்கிட்ட ஒளிச்சதுக்குத் தனியா பேசிக்கலாம். தள்ளுபடி போன காச உன் ஐஸ்கிரீம் கடை வேலைச் சம்பளத்துலேருந்து கட்டிடு. கார் ஓடுமா?"

"ஓடும்ப்பா."

"அப்ப ஓட்டு. நான் பின்னால வரேன்."

அவள் மெதுவாகத்தான் ஓட்டினாள். கண்ணாடியில் அப்பாவின் வண்டி விளக்கு தெரிந்துகொண்டே வந்தது. பாதி வழியில், ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ரேடியோவைப் போட்டாள்.